கைவிசேடப் பவுணும் பழைய பிராங்கும்: திருமலையில் (திருகோணமலை) வெளிநாட்டுக் காசு மாற்றிய அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து

எங்கள் அம்மம்மா கைவிசேடக் காசைச் செலவழிக்க விடமாட்டா. சித்திரை வருஷத்துக்கு லண்டன் மாமா வந்து கையில் வைக்கிற 10 பவுணோ, சுவிஸ் சித்தப்பா தருகிற 50 பிராங்கோ, வெற்றிலையோடு சாமித்தட்டுக்குப் போய், அங்கிருந்து நெஸ்டமோல்ட் டின்னுக்குப் போய்விடும். "லச்சுமிக் காசு, கிடக்கட்டும்" என்பா. கிடந்தது. அவவின் ஆண்டுத் திவசம் முடிந்த பிறகுதான் டின்னை மேசையில் கவிழ்த்தோம்.

அடம் ஸ்மித் படம் போட்ட 20 பவுண் கடதாசி நோட்டுகள், டார்வின் தாடியோடு சில 10 பவுண்கள், ஒரு கைப்பிடி பழைய வட்ட ஒரு பவுண் குத்திகள் (நாணயங்கள்), பச்சை நிற 50 பிராங்க், ஊதா நிற 10 ஜேர்மன் மார்க், குட்டி இளவரசன் படம் போட்ட 50 பிரெஞ்சு பிராங்க். நோட்டுகளில் கற்பூர வாசம் அப்படியே இருந்தது.

வங்கிக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை 20 பவுணைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பிளாஸ்டிக் நோட்டு இல்லையே அண்ணா, எங்களுக்கு எடுக்கேலாது" என்றா. அவவில் பிழை இல்லை. கடதாசி 20, 50 பவுண் நோட்டுகள் 2022 செப்டெம்பர் 30 உடன் இங்கிலாந்துக் கடைகளிலேயே செல்லாமல் போய்விட்டன. கடதாசி 5 பவுண் 2017 மே மாதமும், 10 பவுண் 2018 மார்ச் 1 ஆம் திகதியும் போயிருந்தன. இங்கே ஒரு வங்கி அதை வாங்கி என்ன செய்யும்?

வெளியே வந்தால், நகைக்கடைப் பக்கம் நிற்கிற ஒருவர் தானாகவே கேட்டார்: "எல்லாத்தையும் சேர்த்து ஏழாயிரம் தாறன். உங்களுக்கு இது வெறும் கடதாசிதானே." அந்த அவசரம்தான் எனக்கு உறைத்தது. ஒரு பவுண் 400 ரூபாய்க்கு அங்குமிங்குமாக நிற்கிற நேரம். அந்த 20 பவுண் நோட்டுகள் மட்டுமே அவர் சொன்ன தொகையைப் போல பல மடங்கு வரும். வெறும் கடதாசிக்கு யாராவது ஏழாயிரம் கொடுப்பானா?

அன்றிரவே லண்டனில் இருக்கிற மருமகளோடு கதைத்தேன். அவ சொன்னதுதான் நான் இதை எழுதக் காரணம். கடையில் செல்லாது என்றால் காசு செத்துவிட்டது என்று நாங்கள் நினைக்கிறோம். அப்படி இல்லை. அச்சடித்த நாட்டின் மத்திய வங்கி என்ன சொல்கிறது என்பதுதான் கணக்கு. பேங்க் ஒஃப் இங்கிலாந்து தான் வெளியிட்ட எந்தப் பழைய நோட்டையும் எப்போது கொண்டுவந்தாலும் முழுப் பெறுமதிக்கு மாற்றித் தரும். முடிவுத் திகதி கிடையாது. சில நாடுகள் பத்து வருஷம் தரும். சில நாடுகள் கதவைச் சாத்தியே விட்டன. ஆகவே டின் வைத்திருப்பவர்கள் முதலில் நோட்டுகளை நாடு வாரியாகப் பிரியுங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு.

எங்கள் பவுண்கள் போன ஆவணியில் வந்த மருமகளோடு லண்டனுக்குத் திரும்பிப் போய்விட்டன. மீதிக் கதையை அவவே கீழே எழுதுவா. உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள். வெற்றி மட்டும் வேண்டாம், மாற்ற முடியாமல் போன கதையும் வேணும்.


லண்டனிலிருந்து, மேலே சொன்ன மருமகள்

மாமா என்னை எழுத வைத்துவிட்டார். சரி.

பேங்க் ஒஃப் இங்கிலாந்தின் கவுண்டர் திரெட்நீடில் வீதியில், பேங்க் நிலக்கீழ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. படம் உள்ள அடையாள அட்டையும் முகவரிக்கு அத்தாட்சியும் கொண்டுபோக வேண்டும். வரிசை நீளம். எனக்கு முன்னால் நின்ற ஒரு வயதான வெள்ளைக்காரர், தாயின் மெத்தைக்கு அடியில் இருந்ததாம் என்று ஒரு பழைய ஒரு பவுண் நோட்டுக் கட்டை வைத்திருந்தார். அந்த நோட்டு 1988 இல் நிறுத்தப்பட்டது. அதற்கும் சிரித்த முகத்தோடு காசு கொடுத்தார்கள். அதைப் பார்த்த பிறகு அம்மம்மாவின் டார்வின் தாள்கள் நேற்று அச்சடித்தவை போல இருந்தன.

நேரில் போக முடியாதவர்கள் தபாலில் அனுப்பலாம், படிவம் நிரப்ப வேண்டும். ஆனால் இலங்கையிலிருந்து அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: சாதாரணக் கடிதத்துக்குள் காசு வைப்பது தபால் விதிக்கே முரண். வழியில் காணாமல் போனால் யாரையும் கேட்க முடியாது. வந்து போகிற ஆளிடம் கொடுத்து விடுவதுதான் நல்லது. யாரிடம் கொடுக்கிறோம், எத்தனை நோட்டு, என்ன இலக்கம் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத்துக்குள் மனஸ்தாபம் வருவது இப்படியான சின்னக் காசில்தான்.

வட்டப் பவுண் குத்தி வேறு கதை. அது 2017 ஒக்டோபர் 15 உடன் நின்றது. இப்போது இருப்பது பன்னிரண்டு மூலை வைத்தது. பேங்க் ஒஃப் இங்கிலாந்து குத்திகளைக் கையாள்வதில்லை, நோட்டுகளை மட்டும்தான். என் கணக்கு இருக்கிற வங்கிக் கிளையில், கணக்குக்குள் வைப்பதற்கு என்றால் எடுப்போம் என்றார்கள். எடுத்தார்கள்.

இங்கே மிச்ச வெளிநாட்டுக் காசை வாங்குவதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. நின்றுபோன நோட்டு, எந்த நாட்டுச் சில்லறை என்றாலும் விலை சொல்வார்கள். கலந்து கிடக்கும் குத்திகளை நிறுத்து எடுப்பவர்களும் உண்டு. மத்திய வங்கி தருவதைவிடக் குறைவாகத்தான் தருவார்கள், அதுதானே அவர்கள் லாபம். ஆனால் ஐந்து நாட்டுக் காசுக்கு ஐந்து நாட்டு மத்திய வங்கிக்கு ஆள் தேடுவதோடு பார்த்தால் சில நேரம் அது பரவாயில்லை. அனுப்ப முன்பு விலைப்பட்டியலைப் பாருங்கள், எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். திருமலையிலிருந்து குத்திப் பொதி அனுப்பினால் தபால் செலவே விழுங்கிவிடும், அதை மறந்துவிடுங்கள்.


நிலாவெளி, புறாத்தீவுப் படகு

நோட்டுக் கதை படிச்ச ஆட்களுக்கு. எங்களுக்கு வாறது குத்தி.

மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் சீசன். வெள்ளைக்காரர் புறாத்தீவில் சுறாக்குட்டியும் ஆமையும் பார்த்துவிட்டுக் கரையில் இறங்கும்போது காற்சட்டைப் பையில் கிடக்கிற யூரோச் சில்லறையைக் கையில் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு அது பாரம். எங்களுக்கும் முதலில் பாரம்தான். திருமலையில் மட்டுமில்லை, கொழும்பிலும் காசு மாற்றும் கடையில் குத்தி எடுக்க மாட்டார்கள். எயர்போட்டிலும் நோட்டு மட்டும்தான்.

நாங்கள் செய்வது இதுதான். ஒவ்வொரு படகுக்காரனிடமும் ஒரு நெக்டோ போத்தல் இருக்கும், வாய் வெட்டினது. குத்தி அதுக்குள் போகும். பத்து யூரோ சேர்ந்தால் தனியாகக் கட்டி வைப்போம். நாடு திரும்பப் போகிற ஆள் யார் என்று பேச்சிலேயே தெரிந்துவிடும். அவரிடம் கேட்போம்: இதைக் குத்தியாக எடுத்துக்கொண்டு ஒரு 10 யூரோத் தாள் தருவீங்களா? முக்கால்வாசிப் பேர் தருவார்கள். அவர்கள் ஊரில் இறங்கியதும் கோப்பி மெஷினுக்குப் போடலாம்தானே.

எல்லாரும் உடனே நம்பிவிடுவதில்லை. போன சீசன் ஒரு ஜேர்மன் அம்மா படகுப் பலகையில் ஈரத்துண்டை விரித்து, ஒவ்வொரு குத்தியாக எடுத்துக் கண்ணாடிக்குக் கிட்ட வைத்துப் பார்த்தா. ஒன்றைத் தனியாகத் தள்ளி வைத்தா. இரண்டு யூரோ போலவே இருக்கு, நடுவில் மஞ்சள், சுற்றி வெள்ளை. பார்த்தால் தாய்லாந்து 10 பாட். அளவும் நிறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பெறுமதியோ ஆறில் ஒன்றுகூட வராது. துருக்கி ஒரு லீராவும் இதே மாதிரி ஏமாற்றும். இப்போது நாங்கள் எல்லாரும் திருப்பிப் பார்த்துத்தான் போத்தலில் போடுகிறோம். அந்த அம்மா கடைசியில் 10 யூரோத் தாளும் தந்து, அந்தப் பாட்டையும் தானே எடுத்துக்கொண்டு போனா, பேரப்பிள்ளைக்கு என்று.

டொலர்ச் சில்லறை தந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்க வேண்டியதுதான். அமெரிக்கன் எங்கள் பக்கம் குறைவு, திருப்பி மாற்ற ஆள் கிடையாது.


கிண்ணியாவிலிருந்து

எங்கட பக்கம் பவுண், பிராங்க் எல்லாம் இல்லை. அரபுக் காசுதான்.

உம்மா குவைத்தில் வீட்டு வேலைக்கு இருந்தவ. வந்த கடைசிப் பயணத்தில் கொண்டுவந்த தினார் நோட்டுகளில் கொஞ்சத்தை ஹஜ்ஜுக்கு என்று ஒரு பையில் கட்டி, முஸல்லாவுக்குள் சுற்றி அலுமாரியில் வைத்திருந்தா. ஒரு தினார் என்பது மூன்று டொலருக்கும் மேலே. அதனால் நோட்டு கொஞ்சம் என்றாலும் காசு கொஞ்சமில்லை.

அவ கொண்டுவந்தது 1994 இல் வந்த ஐந்தாம் வெளியீடு. 2014 இல் குவைத் புதிய நோட்டுகளை இறக்கியது. பழையது 2015 ஒக்டோபரில் செல்லாமல் போனது. ஆனால் மத்திய வங்கியில் மாற்றிக்கொள்ள 2025 ஏப்ரல் 18 வரை அவகாசம் இருந்தது. இது எங்களுக்கு எப்படித் தெரிய வந்தது என்றால், தம்பி இன்னும் அங்கேதான் சாரதி வேலை. அவனுடைய கைபேசிக்கு யாரோ அரபியில் வந்த அறிவித்தலை அனுப்பியிருக்கிறார்கள். அவன் உடனே கோல் எடுத்து, "உம்மாவின்ட பையைப் பிரிச்சுப் பாருங்க" என்றான். லீவில் வந்த ஊர்ப் பெடியன் ஒருவனிடம் கொடுத்து அனுப்பினோம். தம்பி ஒரு நாள் வேலைக்குப் போகாமல் மத்திய வங்கிக்குப் போய் மாற்றிவிட்டான். கேள்வி ஒன்றும் பெரிதாக இல்லை, சிவில் அட்டை கேட்டார்களாம்.

பக்கத்து வீட்டு ராத்தாவுக்கு அப்படி அமையவில்லை. அவவிடமும் அதே நோட்டுகள். அவவுக்குக் குவைத்தில் ஆள் இல்லை. நாங்கள் சொன்னபோது, "மகன் கட்டாரில் இருக்கான், அவன்ட குடுப்பன்" என்று வைத்துக்கொண்டா. கட்டாரில் குவைத்தின் பழைய நோட்டை யார் எடுப்பது? திகதி போய்விட்டது. இப்போது அது உண்மையிலேயே வெறும் கடதாசி. அவவுக்கு முன்னால் அந்தப் பேச்சை எடுக்கவே கூச்சமாக இருக்கிறது. இரண்டு வருஷம் மாடு போல உழைத்த காசு அது.

கட்டார் றியால் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். 2020 டிசெம்பரில் புதிய நோட்டு வந்தது, பழையது 2021 முடிவோடு கடையில் நின்றது. அங்கே மத்திய வங்கியில் மாற்றுவதற்குப் பத்து வருஷம் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் காலம் இருக்கு. ஓமானில் 2020 க்கு முந்திய சில நோட்டுகளுக்கு 2024 டிசெம்பர் 31 கடைசி நாளாக இருந்தது, ஒரு வருஷம்கூட முழுதாகத் தரவில்லை. வளைகுடாக் காசைச் சேமித்து வைக்காதீர்கள் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்வது. வந்த கிழமையே ரூபாயாக்குங்கள், இல்லாவிட்டால் பாங்கில் வெளிநாட்டு நாணயக் கணக்கில் போடுங்கள்.


உவர்மலையிலிருந்து

ராத்தாவின் கதை மனதைப் பிசைகிறது. நாங்கள் டின்னைக் கவிழ்க்க இன்னும் பிந்தியிருந்தாலும் பவுணுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவவுக்கு ஒரு கிழமை பிந்தியதே போதும். நாட்டுக்கு நாடு இவ்வளவு வித்தியாசம்.


குச்சவெளியிலிருந்து

நாங்கள் 1990 இல் இந்தியாவுக்குப் போய், முகாமில் இருந்து, சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தவர்கள். முகாமில் மாதா மாதம் கிடைக்கிற உதவிக்காசிலும், அப்பா பெயின்ட் வேலைக்குப் போன காசிலும் மிச்சம் பிடித்து அம்மா ஒளித்து வைத்தது சில 500 ரூபாய் நோட்டுகளும் ஒன்றிரண்டு 1000 நோட்டும். திரும்பி வரும்போது மாற்றவில்லை. "அங்க படிக்கிற பிள்ளை இருக்கு, போய் வர உதவும்" என்று வைத்திருந்தா. என் தங்கச்சி அங்கேயே கலியாணம் கட்டி நின்றுவிட்டா.

2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு இந்தியப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து 500, 1000 நோட்டுகள் நள்ளிரவோடு செல்லாது என்றார். இங்கே நாங்கள் அதைச் சன் டிவியில் பார்த்துக்கொண்டு இருந்தோம். அம்மா எழும்பி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தா, பார்த்தால் ஏதோ செல்லும் என்பது போல.

மாற்ற டிசெம்பர் 30 வரை கொடுத்தார்கள். வெளிநாட்டிலேயே வசிக்கிற இந்தியக் குடிமக்களுக்கு அடுத்த வருஷம் ஜூன் 30 வரை நீட்டினார்கள், அதுவும் சென்னை, மும்பாய் போன்ற சில ரிசர்வ் வங்கி அலுவலகங்களில் மட்டும், விமான நிலையச் சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்கிக்கொண்டு. நாங்கள் இந்தியக் குடிமக்கள் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் அந்த மண்ணில் இருந்தோம், அங்கே உழைத்த காசு, அந்த ஊர்க் காசு. ஆனால் சட்டத்தில் எங்களுக்கு ஒரு வரி இல்லை. தங்கச்சியிடம் கொடுத்தனுப்ப அந்த நேரத்தில் போகிற ஆள் யாரும் அகப்படவில்லை.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கு. போன வருஷம் வாட்ஸ்அப்பில் ஒருவர் பழைய 500, 1000 நோட்டை ரிசர்வ் வங்கி மறுபடி எடுக்கிறது, முதலில் ஒரு பதிவுக் கட்டணம் அனுப்புங்கோ என்றார். அம்மா நம்பத் தயாராகவே இருந்தா. ரிசர்வ் வங்கியே 2021 இல் எச்சரித்த விஷயம் இது: தன் பெயரைப் பாவித்துப் பழைய நோட்டுக்கும் நாணயத்துக்கும் கட்டணம், தரகு கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று. அதோடு அந்த நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருப்பது இந்தியாவில் 2017 சட்டப்படி தண்டத்துக்குரிய குற்றம். யாராவது சென்னைக்குப் போகும்போது கட்டாகக் கொண்டுபோய்ப் பார்ப்போம் என்று நினைத்தால், வேண்டாம்.


உப்புவெளியில் சின்ன விடுதி நடத்துபவர்

மேலே சொன்னவரோடு சேர்த்து ஒன்று. 2000 ரூபாய் இந்திய நோட்டைப் பழைய 500, 1000 கணக்கில் சேர்க்காதீர்கள். கோணேசரைக் கும்பிட வருகிற இந்தியக் குடும்பங்கள் 2023 இல் அந்த ஊதாத் தாளை என்னிடம் தள்ளிவிடப் பார்த்தார்கள். ஏன் என்று பிறகுதான் விளங்கியது: அந்த வருஷம் மே 19 ஆம் திகதி திரும்பப் பெறுவதாக அறிவித்திருந்தார்கள். ஆனால் செல்லாது என்று அறிவிக்கவில்லை. ஒக்டோபர் 7 க்குப் பிறகு வங்கிகள் எடுப்பதை நிறுத்தின, ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்களில் மாற்றலாம். சென்னையும் அதில் ஒன்று. இந்தியாவில் வங்கிக் கணக்கு உள்ளவர்கள் அங்குள்ள தபாலகத்தில் இருந்து அனுப்பிக் கணக்கில் வைப்புச் செய்யவும் வழி உண்டு. நான் வாங்கிய இரண்டு தாளும் வேலூரில் இருக்கிற மச்சான் கணக்கு வழியாக வந்து சேர்ந்தன.

டொலர் பற்றியும் சொல்கிறேன், விடுதிக்காரனுக்கு அதுதான் தினசரிப் பாடு. சின்னத்தலை 100 டொலர், அதாவது 1996 க்கு முந்திய அச்சு, இங்கே கொடுத்தால் முகம் சுளிப்பார்கள். மூலையில் கிழிசல், பேனைக் கீறு, முத்திரை இருந்தால் அதற்கும் சுளிப்பார்கள். அமெரிக்கா தன் நோட்டு எதையும் செல்லாது என்று சொன்னதில்லை. 1861 க்குப் பிறகு வந்தது எல்லாம் செல்லும் என்பதுதான் அவர்கள் கொள்கை. ஆனால் அமெரிக்கா சொல்வதற்கும் திருமலைக் கடைக்காரர் எடுப்பதற்கும் இடையில் 7,000 மைலுக்கு மேல் கிடக்கு. நான் அப்படியான தாள் வந்தால் விருந்தினரிடமே, "வேற தாள் இருக்கா?" என்று கேட்டுவிடுவேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

2022 இல் நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயின் பெறுமதியைப் பிடித்து வைக்காமல் அவிழ்த்து விட்டது, 200 இல் நின்ற டொலர் மே மாதம் 360 க்கு ஏறியது. அந்த நாட்களில் தெருவில் நின்றவர்கள் எல்லாம் காசு மாற்றுபவர்கள் ஆனார்கள். வங்கியைவிடக் கூடத் தருகிறேன் என்று ஒருவர் என் விருந்தினரைப் பின்வழியால் கூட்டிப்போய், எண்ணும்போது நடுவில் 1000 ரூபாய்த் தாளுக்குப் பதில் 100 ஐச் செருகிவிட்டார். பொலிசுக்குப் போக முடியுமா? அந்த மாற்றலே சட்டத்துக்குப் புறம்பு. மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரம் சுவரில் தொங்குகிற கடைக்குப் போய், பற்றுச்சீட்டு வாங்குங்கள். இரண்டு ரூபாய் குறைந்தாலும் நித்திரை வரும்.


பஸ் நிலைய ஓட்டோ தரிப்பிடம்

கொஞ்சம் சிரிக்க ஒன்று. எங்கள் தரிப்பிடத்தில் ஒரு பெடியன் கன்னியா வெந்நீரூற்றுக்கு ஒரு சோடியைக் கூட்டிப்போய் வந்தான். வாடகைக்கு மேலே ஒரு தாள். 1 க்குப் பின்னால் ஆறு பூச்சியம். துருக்கி லீரா, பத்து லட்சம்! பெடியன் எங்களுக்கு எல்லாம் ரோல்சும் பிளேன்ரீயும் வாங்கித் தந்துவிட்டான். ஒருத்தர் காணி விலை கேட்கத் தொடங்கிவிட்டார்.

பிறகு தரிப்பிடத்துப் பெரியவர் ஒருவரின் மகள் பார்த்துச் சொன்னா: துருக்கி 2005 இல் ஆறு பூச்சியத்தை வெட்டிவிட்டது, பத்து லட்சம் என்பது புதிய ஒரு லீரா. அதை மாற்றவும் 2015 கடைசியோடு காலம் முடிந்தது. ரோல்ஸ் காசை நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. தாள் இப்போது அவன் ஓட்டோக் கண்ணாடியில், பிள்ளையாருக்குப் பக்கத்தில்.


பேர்னிலிருந்து, சுவிஸ் சித்தப்பா

டின்னில் இருந்த பச்சை 50 பிராங்க் நான் கொடுத்ததுதான். ஐரோப்பியக் காசு பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சுவிசில் எட்டாவது வரிசை நோட்டுகள் 2021 ஏப்ரல் 30 உடன் கடையில் நின்றன. ஆனால் சுவிஸ் தேசிய வங்கியில் எப்போதும் மாற்றலாம். முன்பு இருபது வருஷ எல்லை இருந்தது, 2020 தொடக்கம் சட்டத்தை மாற்றி அதை எடுத்துவிட்டார்கள். 1976 இல் வந்த ஆறாவது வரிசையைக்கூட இப்போது அங்கே மாற்றலாம். ஊரில் 80 களின் கடைசியில் அகதியாக வந்த எங்கள் ஆட்கள் முதல் சம்பளத்தில் அனுப்பிய நோட்டுகள் யார் வீட்டிலாவது இருந்தால், அது ஆறாவது வரிசைதான், தூக்கி எறிய வேண்டாம். இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் இருக்கிற தேசிய வங்கியில் நான் மாற்றியபோது, கவுண்டரில் இருந்த பெண் பழைய நோட்டை இரண்டு கையாலும் வாங்கி, "இது எங்கே இருந்தது?" என்று கேட்டா. சாமி அறையில் என்றேன். முகர்ந்து பார்த்துச் சிரித்தா. கற்பூரம்!

ஜேர்மன் மார்க்குக்கும் முடிவில்லை. நோட்டும் குத்தியும் ஜேர்மன் மத்திய வங்கி எடுக்கும், கட்டணம் இல்லை. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்ற அதே பழைய கணக்கு. குத்தியையும் எடுக்கிறார்கள் என்பதுதான் விசேஷம். ஒஸ்ரியா, அயர்லாந்தும் அப்படியே, காலம் போகாது. ஒல்லாந்துக் கில்டர் நோட்டுக்கு 2032 ஜனவரி 1 வரை. நோர்வேயில் நோட்டு நின்ற நாளிலிருந்து பத்து வருஷம். 2017 இல் புதிய 100, 200 குரோனர் வந்ததால் பழையவை 2018 மே மாதத்தோடு நின்றன, ஆகவே 2028 க்கு முன்பு கொடுத்துவிடுங்கள்.

பிரெஞ்சு பிராங்க் போனது போனதுதான். 2012 பெப்ரவரி 17 கடைசி நாள். இத்தாலி லீராவும் 2011 டிசெம்பரில் முடிந்தது. டின்னில் இருந்த குட்டி இளவரசன் நோட்டை உவர்மலை வீட்டில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம். காசு சேர்ப்பவர்கள் வாங்குவார்கள், நல்ல நிலையில் இருந்தால் கொஞ்சம் கிடைக்கும். நடுவில் மடித்துக் கற்பூரக் கறை பட்டதற்குப் பெரிதாக ஒன்றும் வராது.


ஓய்வுபெற்ற ஆசிரியர், திருக்கடலூர்

தம்பிமார் வெளிநாட்டைச் சொல்கிறீர்கள். நம் நாட்டிலேயே 1970 ஒக்டோபரில் நிதியமைச்சர் என்.எம். பெரேரா 50, 100 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தார். கறுப்புப் பணத்தைப் பிடிப்பதற்கு. அந்தக் கிழமை மெயின் வீதியில் முதலாளிமாரின் முகத்தைப் பார்க்க வேண்டும்! எங்கள் ஐயா, "எங்களிட்டை 100 ரூபாய்த்தாள் இருந்தாத்தானே பயம்" என்று சாய்மனைக் கதிரையில் கால் நீட்டினார்.

ஐயா துறைமுகக் கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞர். 1957 இல் ஆங்கிலேயர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது அவருடைய மேலதிகாரி கொடுத்த பத்து சிலிங் நோட்டு ஒன்று எங்களிடம் உண்டு. லண்டன் பிள்ளை சொல்வதைப் பார்த்தால் அதற்கு இப்போதும் அரைப் பவுண் தருவார்கள் போல. கொடுக்க மாட்டேன். மலாயாவில் இருந்த பெரியப்பா கொண்டுவந்த வாழைமரம் போட்ட 10 டொலர் நோட்டும் இருக்கு, யப்பான்காரன் சண்டைக்காலத்தில் அடித்தது. அதை அச்சடித்த அரசே இல்லை, யாரிடம் போய் மாற்றுவது?


உவர்மலையிலிருந்து

சேர், பத்து சிலிங் நோட்டு 1970 நவம்பரில் நின்றது, பேங்க் ஒஃப் இங்கிலாந்து வெளியிட்டது என்றால் 50 பென்ஸ் நிச்சயம். ஆனால் நல்ல நிலையில் இருந்தால் சேர்ப்பவர்கள் அதைவிட நிறையத் தருவார்கள், ஆகவே நீங்கள் வைத்திருப்பதுதான் சரி.

மாமி இவ்வளவையும் படித்துவிட்டு, "ஏன் இந்தப் பாடு, உண்டியலில் போட்டிருக்கலாமே" என்கிறா. போட்டால் கோயில்காரர்தான் லண்டனுக்கு ஆள் தேட வேண்டிவரும்.

கனடாக்காரர் யாரும் எழுதவில்லை என்பதால் நானே சேர்க்கிறேன். அங்கே 1, 2, 1000 டொலர் நோட்டுகள் 2021 ஜனவரி 1 தொடக்கம் கடையில் வாங்கக் கடமையில்லை, ஆனால் கனடா மத்திய வங்கி எப்போதும் முழுப் பெறுமதி தரும். ஒரு சதக் குத்தி புழக்கத்தில் விடுவதை 2013 இல் நிறுத்தினார்கள். டென்மார்க் ஆட்களுக்கு ஒரு கெட்ட செய்தி: 1000 குரோனரும் பழைய வரிசை நோட்டுகளும் 2025 மே 31 உடன் முடிந்துவிட்டன.

சித்தப்பா மார்கழியில் வருகிறார். அவரிடம் பழைய பிராங்க் கொடுத்துவிட விரும்புகிற சொந்தங்கள் நோட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள்.


நிலாவெளி, புறாத்தீவுப் படகு

எல்லாம் சரி. என்னிடம் அரைப் போத்தல் போலந்து ஸ்லொட்டி கிடக்கு. யூரோ என்று நினைத்துப் பக்கத்துப் படகுக்காரன் வாங்கி, என் தலையில் கட்டிவிட்டான். விடுதிக்கார அண்ணையிடம் போலந்துக்காரர் யாரும் தங்க வந்தால் கடற்கரைப் பக்கம் அனுப்பி விடுங்கோ. புறாத்தீவுக்குக் கழிவு விலையில் கூட்டிப்போறன், ஆனால் போகும்போது குத்தியைக் கட்டாயம் எடுத்துக்கொண்டு போக வேணும்.